பட்டியல் நீக்கமும் ஷார்ட் விற்பனைக் கணக்கும்: ஒரு வரலாறு

ஒரு நிறுவனத்தின் பங்கு பங்குச் சந்தையின் பட்டியலிலிருந்து நீக்கப்படும்போது, அந்தப் பங்கைக் கடன் வாங்கி விற்றவர்களின் கணக்கு என்ன ஆகிறது என்பது அமெரிக்கப் பங்குச் சந்தை வரலாற்றில் நூறாண்டுகளுக்கும் மேலாகத் தொடரும் கேள்வியாகும். கடன் வாங்கி விற்கும் முறைக்கு ஷார்ட் விற்பனை என்று பெயர். விற்றவர்கள் இன்னும் திருப்பித் தராத பங்குகளின் மொத்த எண்ணிக்கை இக்கட்டுரையில் ஷார்ட் நிலுவை எனப்படுகிறது. பட்டியலிலிருந்து பங்கு மறைந்தால் இந்த எண்ணும் மறைந்துவிடுவது போலத் தோன்றும். உண்மையில் கடன் மறைவதில்லை. கடனைக் குறித்து வைக்கும் ஏடு மட்டுமே இடம் மாறுகிறது. அந்த ஏடு ஒரு காலத்தில் யாரிடமும் இல்லை. பிறகு சந்தையிடம் வந்தது. இன்று பொதுமக்கள் பார்வைக்கும் ஓரளவு வந்திருக்கிறது. 1920-இலும் 1923-இலும் நியூயார்க்கில் நடந்த இரண்டு பட்டியல் நீக்கங்களிலிருந்து இந்த வரலாற்றைத் தொடங்கலாம்.

ஷார்ட் விற்பனையும் அதன் கணக்கும்

அறுவடைக்கு முன் நெல்லுக்கு நல்ல விலை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் அண்டை வீட்டில் பத்து மூட்டை நெல்லைக் கடன் வாங்கி அன்றைய விலைக்கு விற்றுவிடுகிறார். அறுவடை வந்து விலை இறங்கியதும் பத்து மூட்டையை மலிவாக வாங்கிக் கடனைத் தீர்க்கிறார். இடையில் உள்ள விலை வேறுபாடு அவருக்கு இலாபம். விலை இறங்காமல் ஏறிவிட்டால் நட்டம். அவர் பட்ட கடன் பணக்கடன் அன்று. பத்து மூட்டை நெல். ஊர்ச் சந்தையை மூடிவிட்டாலும் அந்தக் கடன் அப்படியே நிற்கும்.

ஷார்ட் விற்பனையும் இதே வழியில்தான் நடக்கிறது. விற்பவர் தரகர் வழியாகப் பங்குகளைக் கடன் வாங்குகிறார், விற்கிறார், பின்னொரு நாள் அதே எண்ணிக்கையில் வாங்கித் திருப்பித் தருகிறார். கடன் வாங்கியிருக்கும் காலத்துக்கு வாடகை போன்ற ஒரு கட்டணமும் உண்டு.

இங்கே ஒரு எளிய கணக்கை மனத்தில் கொள்ள வேண்டும். ஒரு நிறுவனம் 100 பங்குகளை மட்டுமே வெளியிட்டிருக்கிறது. அவை அனைத்தும் முதலாமவரிடம் உள்ளன. அவர் 10 பங்குகளை இரண்டாமவருக்குக் கடன் கொடுக்கிறார். இரண்டாமவர் அவற்றை மூன்றாமவருக்கு விற்கிறார். இப்போது முதலாமவர் தமக்கு 100 பங்குகள் உண்டு என்கிறார். மூன்றாமவர் தமக்கு 10 உண்டு என்கிறார். இருவரும் சொல்வது சரியே. ஆனால் கூட்டினால் 110 வருகிறது. வெளியிட்ட பங்குகளோடு ஷார்ட் நிலுவையைச் சேர்த்தால் வருவதே சந்தையில் உள்ள உரிமைகளின் மொத்தம். எனவே ஷார்ட் நிலுவை தெரியாதவருக்கு ஒரு பங்கு உண்மையில் எத்தனை பேர் கையில் எவ்வளவு இருக்கிறது என்பதும் தெரியாது. கீழே வரும் இரு நிகழ்ச்சிகளும் இந்த 10 பங்குகளைப் பற்றியவை.

1920: ஸ்டட்ஸ் மோட்டார்

இண்டியானாபொலிஸ் நகரில் இயங்கிய ஸ்டட்ஸ் நிறுவனம் பேர்கேட் என்ற பந்தயக் காருக்காகப் பெயர் பெற்றது. அதன் பெரும்பங்கை வைத்திருந்தவர் ஆலன் ரையன். பெருஞ்செல்வரான தாமஸ் ஃபார்ச்சூன் ரையனின் மகன். நியூயார்க் பங்குச் சந்தையின் உறுப்பினரும் ஆவார்.

1920-இன் தொடக்கத்தில் ஸ்டட்ஸ் பங்கு சுமார் 100 டாலருக்கு விற்றது. விலை ஏறத் தொடங்கியதும், இது நிலைக்காது என்று கணித்த பலர் ஷார்ட் விற்றனர். அவர்களில் சந்தையின் செல்வாக்குள்ள உறுப்பினர்களும் இருந்தனர் என்பது பின்னால் வெளிவந்த குற்றச்சாட்டு. ரையன் விற்கப்பட்ட பங்குகளை எல்லாம் வாங்கினார். விற்பவர்களுக்குக் கடன் தரப் பங்கு வைத்திருந்தவரும் பெரும்பாலும் அவரே. அதாவது அவரிடமே கடன் வாங்கி அவருக்கே விற்றார்கள். மார்ச் 31 அன்று விலை 391 டாலரை எட்டியது.

அன்று ரையன் சந்தையின் குழு முன் அழைக்கப்பட்டார். தமக்கும் தம்மைச் சேர்ந்தவர்களுக்கும் 1,10,000 பங்குகள் உரியவை என்று அவர் சொன்னார். நிறுவனம் வெளியிட்டிருந்ததோ 1,00,000 பங்குகளே. மேலே கண்ட கணக்கின்படி இதற்கு ஒரே பொருள்தான்: குறைந்தது 10,000 பங்குகள் ஷார்ட் விற்கப்பட்டு நிலுவையில் இருக்கின்றன. திருப்பித் தர வேண்டியவர்கள் அவற்றை வாங்கக்கூடிய ஒரே ஆள் ரையன். இந்த நிலைக்கு வால் தெருவில் கார்னர் என்று பெயர். எதிரியை மூலையில் மடக்குவது என்று பொருள்.

கவனிக்க வேண்டியது, இந்த எண்ணிக்கை வெளிவந்த விதம். சந்தையிடம் ஷார்ட் நிலுவைக்கு ஒரு பதிவேடு இல்லை. ஒவ்வொரு தரகருக்கும் தன் கடன் தெரியும். மொத்தம் எவருக்கும் தெரியாது. மடக்கியவர் வாயால் சொன்னபோதுதான் சந்தைக்கே தெரிய வந்தது.

சந்தை ஸ்டட்ஸ் பங்கின் வணிகத்தை நிறுத்தியது. ரையனுக்கு இது எதிர்பாராத அடி. வணிகமே இல்லாத பங்குக்கு விலை ஏது? விலை இல்லாத பங்கைத் திருப்பித் தராதவருக்கு அபராதம் எப்படி விதிப்பது? கடன் பத்திரங்கள் தனிப்பட்ட ஒப்பந்தங்கள், பட்டியலில் பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் செல்லும் என்பது ரையனின் வாதம். அந்த ஒப்பந்தங்களைச் சந்தை வழியாக நிறைவேற்றித் தர இயலாது என்பதே சந்தையின் நிலை. ஏப்ரலில் அவர் சந்தை உறுப்பினர் பதவியிலிருந்து விலகினார். ஷார்ட் விற்றவர்கள் சிலரது பெயர்கள் நாளிதழில் வெளிவந்தன. நீதிபதியின் இடத்தில் இருப்பவர்களே கடனாளிகளின் வரிசையிலும் இருக்கிறார்களோ என்ற ஐயம் மக்களிடையே எழுந்தது. அதற்குப் பின் ஒப்பந்தம் ஏற்பட்டது. பங்கு ஒன்றுக்கு 550 டாலர் வீதம் கணக்கு தீர்ந்தது.

ரையன் வென்றார் என்று சொல்லலாம். ஆனால் வெற்றிக்குப் பின் அவர் கையில் இருந்தது, விற்க இடமில்லாத ஒரு பங்கின் மலை. வங்கிக் கடன்கள் கழுத்தை நெரிக்க, 1922-இல் அவர் திவாலானார். அவரது ஸ்டட்ஸ் பங்குகள் ஏலத்தில் ஒன்று 20 டாலருக்குப் போயின. பட்டியல் நீக்கம் கடனாளியை மட்டும் அல்லாமல் கடன் கொடுத்தவரையும் தாக்கும் என்பதற்கு இது பழைய சான்று.

1923: பிக்லி விக்லி

ஸ்டட்ஸில் தொடங்கிய வாதம் மூன்றாண்டுகளில் மீண்டும் வந்தது. இம்முறை மையத்தில் இருந்தவர் வால் தெருவுக்கு முற்றிலும் வெளியாள். டென்னசி மாநிலம் மெம்பிஸ் நகரின் கிளாரன்ஸ் சாண்டர்ஸ், 1916 செப்டம்பரில் ஜெஃபர்சன் நிழற்சாலையில் பிக்லி விக்லி என்ற மளிகைக் கடையைத் திறந்தார். வாடிக்கையாளர் கூடையுடன் உள்ளே நடந்து தாமே பொருளை எடுத்து, வெளியே வரும் வழியில் பணம் செலுத்தும் முறை அங்கேதான் நடைமுறைக்கு வந்தது. இன்றைய சூப்பர் மார்க்கெட்டின் முன்னோடி அது. 1922 ஜூனில் நிறுவனத்தின் பங்கு நியூயார்க் பங்குச் சந்தையின் பட்டியலில் சேர்ந்தது.

அதே ஆண்டு நவம்பரில், நியூயார்க் வட்டாரத்தில் பிக்லி விக்லி பெயரை உரிமம் பெற்று நடத்திய சில தனி நிறுவனங்கள் நொடித்தன. மெம்பிஸ் நிறுவனத்துக்கும் அவற்றுக்கும் பெயர் மட்டுமே பொதுவானது. ஆனாலும் இந்தச் செய்தியைப் பிடித்துக்கொண்டு ஷார்ட் விற்பனை பெருகியது. 50 டாலர் அளவில் இருந்த விலை 40-க்குக் கீழே இறங்கியது.

சாண்டர்ஸ் தென்மாநில வங்கிகளிடம் சுமார் 1 கோடி டாலர் கடன் திரட்டினார். ஷார்ட் விற்பனையில் பேர்போன ஜெஸ்ஸி லிவர்மோரையே தமக்காக வாங்கும் பணிக்கு அமர்த்தினார். ஒரு வாரத்துக்குள் 1,05,000 பங்குகள் வந்து சேர்ந்தன. வெளியிடப்பட்ட 2,00,000 பங்குகளில் பாதிக்கு மேல். மேலும் ஒரு தந்திரம் செய்தார். பத்திரிகை விளம்பரம் மூலம் பொதுமக்களுக்கு 55 டாலர் வீதம் பங்குகளைத் தவணை முறையில் விற்றார். தவணை முடியும்வரை பங்குப் பத்திரம் அவரிடமே இருக்கும். வாங்கியவர் அதை ஷார்ட் விற்றவர்களுக்கு விற்றுவிட முடியாது.

1923 மார்ச் 19 அன்று, 2,00,000 பங்குகளில் 1,128 தவிர மற்றவை யாவும் தம்மிடம் உள்ளன, அல்லது தமக்கு வரவேண்டியவை என்று சாண்டர்ஸ் கணக்கிட்டார். மறுநாள் செவ்வாய்க்கிழமை, தமக்கு வரவேண்டிய பங்குகளை உடனே ஒப்படைக்குமாறு கோரினார். சந்தை விதிப்படி அடுத்த நாள் பிற்பகல் 2.15 மணிக்குள் கொடுத்தாக வேண்டும். 75 டாலர் அளவில் தொடங்கிய விலை 124 வரை பாய்ந்தது. சந்தை தலையிடப் போகிறது என்ற வதந்தி கிளம்பியதும் 82-க்குச் சரிந்தது.

வதந்தி மெய்யானது. சந்தையின் ஆட்சிக்குழு வணிகத்தை நிறுத்தியதோடு, பங்கை ஒப்படைக்கும் காலக்கெடுவையும் தள்ளிவைத்தது. பின்னர் பங்கைப் பட்டியலிலிருந்து நிரந்தரமாக நீக்கி, அடுத்த திங்கட்கிழமை மாலைவரை கடனாளிகளுக்கு அவகாசம் கொடுத்தது. சாண்டர்ஸ் தாமே ஒரு கெடு வைத்து, அதற்குள் தீர்த்தால் 150 டாலர், தாண்டினால் 250 டாலர் என்று அறிவித்துப் பார்த்தார். யாரும் அசையவில்லை. கிடைத்த அவகாசத்தில் ஷார்ட் விற்றவர்கள் நாடெங்கும் சிறு முதலீட்டாளர்களைத் தேடிப் போனார்கள். நெடுநாளாகப் பெட்டியில் கிடந்த பத்திரங்கள் சந்தைக்கு வெளியே கைமாறின. கடைசியில் சாண்டர்ஸ் 100 டாலருக்கு இறங்கி வந்து கணக்கை முடித்தார்.

அவரது கணக்கு எங்கே பிழைத்தது? வெளியே 1,128 பங்குகளே உள்ளன என்ற எண்ணிக்கையில் ‘வரவேண்டியவை’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு பார்க்கலாம். மொத்தம் 200 பங்குகள். ஒருவர் கையில் பத்திரமாக 187 உள்ளன. ஷார்ட் விற்றவர்களிடமிருந்து 11 வரவேண்டும். தமக்கு உரியவை 198 என்று அவர் கூட்டுகிறார். ஆனால் வெளியே எஞ்சியிருப்பவை 2 அல்ல, 13. வரவேண்டிய 11 பங்குகளுக்குத் தனியாகப் பத்திரம் கிடையாது. வெளியே உள்ள 13-லிருந்தே அவை வந்தாக வேண்டும். ஷார்ட் நிலுவை எவ்வளவு என்று தெரியாதவரை, வெளியே பங்கு எவ்வளவு என்பதும் தெரியாது. விதிப்படி ஒரே நாளில் தேட வேண்டியிருந்தால் அந்தப் பங்குகள் கிடைத்திருக்காது. காலக்கெடு நீண்டதால் கிடைத்தன.

சந்தை தன் செயலுக்குக் காரணம் சொன்னது. 1901-இல் நார்தர்ன் பசிபிக் இரயில்வே பங்கில் ஏற்பட்ட கார்னரால் சந்தை முழுவதும் சரிந்தது. அப்படி ஒன்று மீண்டும் நேராமல் தடுக்கவே தலையிட்டோம் என்றது. அந்த வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஒரு பங்கில் மடக்கப்பட்டவர், பணம் திரட்ட மற்ற பங்குகளை விற்றுத் தள்ளுவார், தீ பரவும். ஆனால் ஆட்டத்தின் நடுவில் விதியை மாற்றியதால் ஆதாயம் ஒரு தரப்புக்கு மட்டுமே கிடைத்தது என்ற மெம்பிஸ்காரர்களின் குறையும் எளிதில் தள்ளக்கூடியதன்று. எத்தனை பங்குகள் நிலுவையில் இருந்தன, யாருடையவை என்று காட்ட ஒரு பொதுப் பதிவேடு இருந்திருந்தால், எந்தத் தரப்பு சொல்வது சரி என்று ஒரு மாணவர்கூட இன்று கணக்கிட்டுச் சொல்ல முடியும். அது இல்லாததால் இன்றும் வழக்கு முடியவில்லை.

சாண்டர்ஸின் கதி ரையனுடையதைப் போன்றதே. வங்கிக் கடனைத் தீர்க்க, பட்டியலில் இல்லாத பங்கை மெம்பிஸ் மக்களிடமே விற்க முயன்றார், அது பலிக்கவில்லை. 1923 ஆகஸ்டில் நிறுவனத்தின் தலைமையை விட்டார். அவர் தமக்காகக் கட்டிவந்த இளஞ்சிவப்புப் பளிங்கு மாளிகையும் கைவிட்டுப் போனது. அந்தக் கட்டடம் பின்னர் மெம்பிஸின் அருங்காட்சியகமாயிற்று.

1931 முதல் 1934 வரை: ஏடு பிறந்த கதை

சந்தை தானாக மனமுவந்து கணக்கெடுக்கத் தொடங்கவில்லை. 1929 சரிவுக்குப் பின் விலைகள் விழுந்துகொண்டே இருந்தன. இதற்கெல்லாம் ஷார்ட் விற்பனையே காரணம் என்று குடியரசுத் தலைவர் ஹூவர் உள்ளிட்ட பலர் நம்பினர். சந்தையின் தலைவர் ரிச்சர்ட் விட்னி இதை மறுத்தார். மறுப்புக்கு எண் வேண்டும். 1931 மே மாதம் நியூயார்க் பங்குச் சந்தை தன் உறுப்பினர்களிடமிருந்து ஷார்ட் நிலுவைக் கணக்கைத் திரட்டத் தொடங்கியது. தொடக்கத்தில் வந்த மொத்தம் 50 இலட்சம் பங்குகளுக்குச் சற்று மேல். பட்டியலில் இருந்த பங்குகள் அனைத்தோடும் ஒப்பிட்டால் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை.

அந்த ஆண்டு செப்டம்பரில் பிரிட்டன் தங்க நாணய முறையைக் கைவிட்டபோது, நியூயார்க் பங்குச் சந்தை இரண்டு நாட்கள் ஷார்ட் விற்பனையையே தடை செய்தது. 1932-இல் செனட் சபையின் வங்கிக் குழு விசாரணையைத் தொடங்கியது. விட்னி அங்கு சாட்சியளித்தார். ஷார்ட் விற்பனையைத் தேடித் தொடங்கிய அந்த விசாரணை, பிற்பாடு வால் தெருவின் மற்ற நடைமுறைகள் பக்கம் விரிந்து, 1934-ஆம் ஆண்டின் பங்குப் பரிவர்த்தனைச் சட்டத்தில் வந்து முடிந்தது. பங்கு மற்றும் பரிவர்த்தனை ஆணையம் அச்சட்டத்தால் உருவானது. விட்னி 1938-இல் கையாடல் வழக்கில் சிறை சென்றது தனிக் கதை.

நம் கேள்விக்கு இந்தச் சட்டம் இரண்டு வகையில் முக்கியமானது. ஷார்ட் விற்பனைக்கு விதி வகுக்கும் அதிகாரம் ஆணையத்துக்கு வந்தது. பட்டியலிலிருந்து ஒரு பங்கை நீக்குவதும் சந்தையின் தனி விருப்பமாக இல்லாமல், ஆணையத்தின் விதிகளுக்கு உட்பட்ட செயலாயிற்று. ஒரே பிற்பகலில் ஒரு குழு கூடி ஒரு பங்கைச் சுவடின்றி எடுத்துவிடும் காலம் முடிந்தது.

ஆயினும் ஓர் ஓட்டை இருந்தது. ஷார்ட் நிலுவைக் கணக்கைத் திரட்டியது சந்தை. திரட்டியது தன் பட்டியலில் உள்ள பங்குகளுக்கு. பட்டியலிலிருந்து நீங்கிய பங்கு சந்தைக்கு வெளியே தரகர்களிடையே விற்கப்படும்போது, அதைக் கணக்கெடுக்கும் கடமை யாருக்கும் இருக்கவில்லை. தவறிய நிறுவனங்களின் பங்குகளில்தான் ஷார்ட் விற்பனை மிகுதி. எனவே எண் எங்கே மிகவும் தேவைப்பட்டதோ அங்கேயே ஏடு நின்றுபோனது.

வெளிச்சந்தையின் கணக்கு

2006-இல் இந்த ஓட்டை அடைக்கப்பட்டது. தரகர்களின் தன்னாட்சி அமைப்பான தேசியப் பங்கு வணிகர் சங்கம், பட்டியலில் இல்லாத வெளிச்சந்தைப் பங்குகளுக்கும் ஷார்ட் நிலுவையைத் தெரிவிக்க வேண்டும் என்று விதியை விரித்தது. 2007-இல் அச்சங்கம் நியூயார்க் பங்குச் சந்தையின் ஒழுங்குமுறைப் பிரிவோடு இணைந்து ஃபின்ரா என்ற அமைப்பாயிற்று. அதே ஆண்டிலிருந்து, மாதம் ஒருமுறை எடுத்த கணக்கு இருமுறையானது. மாதத்தின் நடுவிலும் முடிவிலும் தரகர்கள் தங்கள் வாடிக்கையாளர்களின் நிலுவையைத் தெரிவிக்கிறார்கள்; சில வேலைநாட்கள் கழித்து மொத்தம் வெளியாகிறது.

இன்று ஒரு பங்கு நீக்கப்படும் முறை பொதுவாக இதுதான். சந்தை முதலில் வணிகத்தை நிறுத்துகிறது. பிறகு ஆணையத்திடம் 25-ஆம் எண் படிவத்தைத் தாக்கல் செய்கிறது. பத்து நாட்களில் நீக்கம் நடைமுறைக்கு வருகிறது. நிறுவனம் திவால் மனு கொடுத்திருந்தால் வெளிச்சந்தையில் பங்கின் குறியீட்டோடு கியூ என்ற எழுத்து சேர்கிறது. ஷார்ட் விற்றவரின் கடன் அப்படியே தொடர்கிறது. கடன் கட்டணமும் ஓடுகிறது. அவருடைய தரகர் முன்போலவே கணக்குக் கொடுக்கிறார். ஆனால் எண் வெளியாகும் வரிசை மாறிவிடுகிறது. பழைய குறியீட்டைத் தேடுகிறவருக்கு அது அறுந்துபோன நூல். புதிய குறியீட்டைத் தேடுகிறவருக்கு நடுவில் தொடங்கும் நூல். இரண்டையும் முடிச்சுப்போடுவது வாசகரின் வேலை.

ஒரே மறைவு, நான்கு முடிவுகள்

ஒரு பங்கின் ஷார்ட் நிலுவை பட்டியலில் காணாமல் போனால், அதற்கு நான்கு வெவ்வேறு பொருள்கள் இருக்கலாம்.

முதலாவது, கடன் உண்மையிலேயே தீர்ந்திருக்கலாம். ஷார்ட் விற்றவர்கள் வாங்கித் திருப்பித் தந்துவிட்டார்கள். சந்தையில் இதற்கு ஷார்ட் கவரிங் என்று பெயர்.

இரண்டாவது, எண் இடம் மாறியிருக்கலாம். லேமன் பிரதர்ஸ் முதலீட்டு வங்கி 2008 செப்டம்பர் 15 அன்று திவால் மனு கொடுத்தது. அதற்கு முந்தைய வணிக நாளில் 3.65 டாலரில் முடிந்த பங்கு, அன்று சில சென்ட்டுகளுக்குச் சரிந்தது. நியூயார்க் பங்குச் சந்தை அதை நீக்கிய பின்னும், வெளிச்சந்தையில் கியூ எழுத்தோடு அது ஆண்டுக்கணக்கில் கைமாறிக்கொண்டிருந்தது.

மூன்றாவது, பங்கே அழிக்கப்பட்டிருக்கலாம். பெட் பாத் அண்ட் பியாண்ட் என்ற வீட்டுப் பொருள் கடைக்குழுமம் 2023 ஏப்ரல் 23 அன்று திவால் மனு கொடுத்தது. மே தொடக்கத்தில் நாஸ்டாக் சந்தை அதன் வணிகத்தை நிறுத்தியது. வெளிச்சந்தைக்குப் போன பங்கு செப்டம்பர் 29 வரை உயிரோடு இருந்தது. அன்று திவால் திட்டம் நடைமுறைக்கு வந்து, எல்லாப் பங்குகளும் ஈடு எதுவுமின்றி இரத்தாயின. இல்லாத பங்கைத் திருப்பித் தர வேண்டியதில்லை. ஷார்ட் நிலுவை பூச்சியமாயிற்று. ஆனால் அந்தப் பூச்சியத்துக்காக எவரும் ஒரு பங்கும் வாங்க வேண்டியிருக்கவில்லை. நீக்கத்தோடு கணக்கு மறைக்கப்படுகிறது, ஷார்ட் விற்றவர்கள் என்றாவது ஒருநாள் வாங்கியே தீர வேண்டும், அப்போது விலை பறக்கும் என்ற பேச்சு சிறு முதலீட்டாளர்களிடையே பரவியிருந்தது. அதை நம்பிக் கடைசிவரை வைத்திருந்தவர்களுக்கு எதுவும் மிஞ்சவில்லை. சாண்டர்ஸ் காலத்துக் கார்னரின் நினைவு, அது பொருந்தாத இடத்தில் எடுத்தாளப்பட்டது. திவாலில் கடன்காரர்களுக்கெல்லாம் கொடுத்தபின்தான் பங்குதாரரின் முறை வரும் என்பதை அந்தப் பேச்சு மறந்துவிட்டது.

நான்காவது, நிறுவனத்தை யாரேனும் முழுமையாக வாங்கியிருக்கலாம். ட்விட்டரை ஈலான் மஸ்க் 2022 அக்டோபரில் பங்கு ஒன்று 54.20 டாலர் வீதம் வாங்கி முடித்தபோது, ஒவ்வொரு பங்கும் அந்தத் தொகையைப் பெறும் உரிமையாக மாறியது. இத்தகைய நேரத்தில் ஷார்ட் விற்றவரின் பங்குக் கடன், அதே தொகைக்கான பணக்கடனாக மாறிவிடும். நெல் கடன் பணக்கடனாவது இந்த ஒரு வழியில்தான்.

மாணவர்கள் கவனிக்க வேண்டியவை

தரவுகளைக் கொண்டு ஆராய்பவர்களுக்கு இந்த நான்கு முடிவுகளையும் பிரித்தறிவது இன்றியமையாதது. பட்டியலில் இன்று இருக்கும் பங்குகளை மட்டும் எடுத்துக்கொண்டு, ஷார்ட் விற்பனை இலாபகரமானதா என்று ஆராய்ந்தால் விடை தவறாகவே வரும். விழுந்து நீக்கப்பட்ட பங்குகளில்தான் ஷார்ட் விற்றவர்களின் பெரும் இலாபம் இருக்கிறது. அவையோ கோப்பிலேயே இல்லை. போரிலிருந்து திரும்பி வந்தவர்களை மட்டும் எண்ணி, போரில் யாரும் சாவதில்லை என்று முடிவு கட்டுவதற்கு ஒப்பானது இது. பங்கு விலைத் தரவிலேயே இந்தக் குறை இருந்ததை டைலர் ஷம்வே என்ற பொருளியலாளர் 1997-இல் வெளியிட்ட ஆய்வில் எடுத்துக்காட்டினார். நீக்கப்பட்ட பங்குகளின் கடைசி இழப்பு பல இடங்களில் பதிவாகாமல் விடுபட்டதால், மொத்தச் சந்தையின் வருவாய் உள்ளதைவிட நல்லதாகத் தோன்றியது.

இன்னொரு குழப்பமும் பரவலாக உண்டு. நாள்தோறும் வெளியாகும் ஷார்ட் விற்பனை அளவு வேறு. மாதம் இருமுறை வெளியாகும் ஷார்ட் நிலுவை வேறு. முன்னது அன்று ஆற்றில் ஓடிய நீர். பின்னது ஏரியில் நிற்கும் நீர். காலையில் விற்று மாலையில் வாங்கியவர் முன்னதில் இருப்பார், பின்னதில் இருக்கமாட்டார். நீக்கப்பட்ட பங்கின் கடைசி நாள் விற்பனை அளவைப் பார்த்து, அத்தனையும் இன்னும் தீராத கடன் என்று எண்ணுவது இந்தக் குழப்பத்தின் விளைவு.

மதிப்பீடு

1920-இல் ஷார்ட் நிலுவையின் அளவு ரையன் சொன்னதால் தெரிந்தது. 1923-இல் சாண்டர்ஸ் தாம் அறிந்ததாக நம்பினார், ஏமாந்தார். இரண்டு முறையும் பட்டியல் நீக்கம் என்ற ஆயுதத்தைச் சந்தை எடுத்தபோது, அது நியாயமா என்று எடைபோடத் தேவையான ஒரே எண் பொதுமக்களிடம் இல்லை. 1931-இல் பிறந்த ஏடும், 2006-இல் வெளிச்சந்தைக்கு நீண்ட விதியும் அந்தக் குறையைப் பெருமளவு தீர்த்தன. இன்றும் எண் இரு வாரத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. யாருடைய கடன் என்பதை அது சொல்வதில்லை. ஆயினும் தன் பங்கு பட்டியலிலிருந்து போய்விட்ட ஒரு சிறு முதலீட்டாளர், வதந்தியை நம்பாமல் சென்று பார்ப்பதற்கு ஓர் இடம் இருக்கிறது. மெம்பிஸில் தவணை முறையில் பிக்லி விக்லி பங்கு வாங்கியவர்களுக்கு அந்த வாய்ப்பு இருந்ததில்லை.